அப்பாவின் மோட்டார் ரூமில் 19 பழைய பூச்சிமருந்து டப்பா: எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

பம்புசெட் · ஞாயிறு மாலை

எல்லாருக்கும் வணக்கம். ஊர் செல்லம்பட்டி பக்கம், இப்போது இருப்பது மதுரை அண்ணா நகர். போன வருடம் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து அவர் தோட்டத்துக்குப் போவதில்லை, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். குத்தகைக்காரர், "மோட்டார் ரூமைக் காலி பண்ணிக் குடுங்க, சின்னப் பிள்ளைக வந்து போற இடம்" என்றார். நியாயம்தான். இன்று காலை போய்க் கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை. திமெட் குருணை மருந்து போட்டு வளர்ந்தவர்களுக்கு அது என்ன வாடை என்று சொல்லவே வேண்டாம்.

சுவர் மாடத்திலும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழேயும் இருந்ததை எண்ணிப் பார்த்தேன். பிரிக்காத இமிடாகுளோப்ரிட் 3. பாதியும் காலுமாக மோனோகுரோட்டோபாஸ் 2. நுவான் சின்ன பாட்டில் 4. வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்ட திமெட் குருணை ஒரு பாக்கெட். சைபர்மெத்ரின் 2. களைக்கொல்லி ஒன்று. எலி பேஸ்ட் ஒன்று. நனையும் கந்தகத் தூள் ஒரு பை. எண்டோசல்பான் ஒரு லிட்டர் (ஆமாம், அதுவேதான்). லேபிளைக் கரையான் தின்ற டப்பா 2. கடைசியாக ஒரு குவார்ட்டர் பாட்டில். உள்ளே டீத்தண்ணீர் நிறத்தில் என்னவோ இருக்கிறது, மூடிக்குப் பதில் துணியைச் சுருட்டி அடைத்திருக்கிறார்கள். மொத்தம் 19.

இதையெல்லாம் எங்கே கொடுப்பது? சிரிக்காதீர்கள், நிஜமாகவே தெரியவில்லை.

கரிசல்காட்டான் · ஞாயிறு இரவு

இதுக்கு ஒரு இழையா தம்பி? ஓரமாக மூணடிக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். கள்ளிக்குடி பக்கம் நாங்கள் பருத்தி போட்ட காலத்திலிருந்து அப்படித்தான். நானே ரெண்டு வருடம் முன்னால் ஒரு சாக்குப் புதைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

பம்புசெட் · ஞாயிறு இரவு

அண்ணே, மோட்டார் ரூமிலிருந்து கிணறு பதினைந்து அடி. அந்தப் பக்கம் கண்மாய்க்கரை. எந்த ஓரத்தில் தோண்டினாலும் ஏதோ ஒரு தண்ணீருக்குப் பக்கத்தில்தான் தோண்டியாக வேண்டும்.

வெத்தலைக்கொடி · ஞாயிறு இரவு

எரித்துவிட வேண்டியதுதானே?

ஒத்தக்கடைப் பழைய மாணவி · திங்கள் காலை

எரிக்கவே எரிக்காதீர்கள். அடுப்பிலும் குப்பைமேட்டிலும் வருகிற சூடு இந்த ரசாயனங்களை முழுதாக உடைக்கப் போதாது. எண்டோசல்பானில் குளோரின் இருக்கிறது. அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் மாதிரி, மருந்தைவிட மோசமான பொருள்கள் உண்டாகலாம். பாஸ்பரஸ், கந்தகம் உள்ள மருந்துகளின் புகை நேராக நெஞ்சைத்தான் பிடிக்கும். பாட்டிலும் சூட்டில் வெடிக்கும்.

புதைப்பதைப் பற்றி. கரிசல்காட்டான் அண்ணன் சொல்வதற்கு ஒரு வேர் உண்டு. பூச்சிக்கொல்லி விதிகள் 1971-இல் 44-ஆவது விதி, காலி டப்பாக்களை உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கச் சொல்கிறது. மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. ஆனால் புதைக்கச் சொன்னது காலி டப்பாவை மட்டும். மிச்ச மருந்துக்கும் கழுவிய தண்ணீருக்கும் அதே விதி சொல்வது, சுற்றுப்புறமும் தண்ணீரும் கெடாதபடி பாதுகாப்பாக அகற்ற வேண்டும் என்று மட்டுமே. எங்கே, எப்படி, யார் செலவில் என்று விவசாயிக்கு அதில் பதில் கிடையாது. அதற்கப்புறம் வந்த 2016 அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் காலாவதியான பூச்சிக்கொல்லியே பெயரோடு இருக்கிறது. நாம் 'மருந்து' என்று சொல்லிப் பழகியதை, தேதி தாண்டிய மறுநாள் சட்டம் அபாயக் கழிவு என்று பார்க்கிறது.

ஊராட்சி வெட்டி · திங்கள் காலை

சட்டம் பார்க்கும், எடுத்துக்கொண்டு போக மட்டும் ஆள் வராது.

மல்லித்தோட்டம் · திங்கள் மதியம்

எரிக்காதே, புதைக்காதே சரி. அடித்தே தீர்த்துவிடலாமே? மருந்து வாங்கியதே அடிக்கத்தானே. வரப்பு ஓரம், வேலி ஓரம் அடித்தால் நாலு டேங்கில் முடிந்துவிடும். நான் உசிலம்பட்டிப் பக்கம், மொட்டுப்புழுவுக்கு வாரம் ஒரு தடவை டேங்கைத் தோளில் மாட்டுகிறவள். காலாவதி ஆகிவிட்டால் வீரியம்தான் குறையும், வேறென்ன?

ஒத்தக்கடைப் பழைய மாணவி · திங்கள் மதியம்

அக்கா, தேதி உள்ளே இருக்கிற மருந்து, லேபிளில் எழுதியிருக்கிற பயிருக்கு, எழுதியிருக்கிற அளவில் என்றால் நீங்கள் சொல்வதுதான் முதல் வழி. வாங்கியதைப் பயிரில் தீர்ப்பதைவிட நல்ல வழி எதுவும் இல்லை. தனக்குத் தேவை இல்லையென்றால் அதே பயிர் வைத்திருக்கிற பக்கத்துத் தோட்டத்துக்கு, லேபிளோடு, மூடியோடு கொடுக்கலாம்.

ஆனால் பம்புசெட்டின் பட்டியலைப் பாருங்கள். எண்டோசல்பானை 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. நுவான் என்கிற டைக்குளோர்வாஸ், திமெட் என்கிற போரேட் இரண்டுக்கும் 2018-இல் உத்தரவு வந்து, 2020 டிசம்பர் 31-ஓடு கதை முடிந்தது. மோனோ என்கிற மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே சொல்லியாயிற்று. மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்டுக்குத் தமிழ்நாட்டில் நிரந்தரத் தடை. இதையெல்லாம் 'அடித்துத் தீர்க்க' எந்தப் பயிரும் கிடையாது.

'வீரியம்தான் குறையும்' என்பதும் எப்போதும் சரியில்லை. 1976-இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்கு மாலத்தியான் அடித்த வேலையாட்களில் சுமார் 2,800 பேருக்கு விஷம் ஏறியது, 5 பேர் இறந்தார்கள். மாலத்தியான் பொதுவாக அவ்வளவு கடுமையான மருந்து இல்லை. அந்தச் சரக்கில் ஐசோமாலத்தியான் என்ற வேறொரு பொருள் கூடிப்போயிருந்தது, அதுதான் காரணம். சூடான இடத்தில் வைத்திருந்தால் அது இன்னும் கூடும். நம் தகரக்கூரை மோட்டார் ரூம் சித்திரை மாதத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மல்லித்தோட்டம் · திங்கள் மதியம்

அது எனக்குப் புதுசு. சரி, நான் சொன்னதை விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே எத்தனை இருக்கிறது என்று இன்று எண்ணப்போகிறேன்.

உரக்கடைக்காரன் · திங்கள் இரவு

கடைக்காரன் பக்கமும் கேளுங்கள். 22 வருடமாகக் கடை.

பிரிக்காத மூன்றும் தேதிக்குள் இருந்து, பில்லும் இருந்தால், வாங்கிய கடையில் பேசிப் பாருங்கள். பழகிய வாடிக்கையாளர் என்றால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். பணமாகத் தராவிட்டாலும் குத்தகைக்காரர் கணக்கில் வேறு சரக்காகத் தருவார்கள். பிரித்த பாட்டிலை நான் தொடவே மாட்டேன். உள்ளே இருப்பது லேபிளில் இருப்பதுதான் என்று எதை வைத்து நம்புவது? நாளைக்கு ஆய்வாளர் வந்து மாதிரி எடுத்தால் மாட்டுவது நான்.

கடையில் தேதி முடிந்த சரக்குக்குத் தனி விதி இருக்கிறது. உடனே பிரித்து வைத்து, 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை குத்தி, தனி இடத்தில், 'காலாவதியான பூச்சிக்கொல்லிகள்' என்று போர்டு மாட்டி வைக்க வேண்டும். என் கடையிலும் அந்த மூலை இருக்கிறது. கம்பெனி ஆள் ஆர்டர் எடுக்க வரும்போது கண் அந்தப் பக்கம் திரும்பாது. விற்ற மாதத்தில் நாலு போன் பண்ணுவார், திரும்ப எடுக்கிற மாதத்தில் நெட்வொர்க் கிடைக்காது. எந்தக் கம்பெனி என்றெல்லாம் கேட்காதீர்கள்.

லைசென்ஸ் வாங்கிய என் மூலையே இப்படித் தேங்குகிறது என்றால் விவசாயியின் மாடம் தேங்குவதில் என்ன ஆச்சரியம்?

கண்மாய்மீன் · திங்கள் இரவு

நான் ஒரு கதை சொல்கிறேன். மூன்று வருடம் முன்னால் ஒரு சின்னக் கண்மாயை மீன் பாசிக் குத்தகைக்கு எடுத்துக் கட்லாவும் ரோகுவும் விட்டேன். ஒரு நாள் காலையில் மறுகால் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. கிட்டப் போனால் மீன், வயிறு மேலே. முதல்நாள் சாயங்காலம் ஒருவர் டேங்கையும் மிச்ச மருந்தையும் படித்துறையில் கழுவியிருக்கிறார். என்ன மருந்து என்றதற்கு, 'அது வீரியம் இல்லாததுய்யா, மனுசனுக்கே ஒண்ணும் பண்ணாது' என்றார். சைபர்மெத்ரின்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த வகை மருந்து மனிதனைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியது என்று எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. டப்பாவில் இருக்கிற முக்கோணத்தின் நிறம் நம் வயிற்றுக்குப் போட்ட கணக்கு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் அப்படித்தான். மீனுக்கும் தேனீக்கும் தனிக் கணக்கு. அதனால் பம்புசெட், சாக்கடை, கழிப்பறை, வாய்க்கால் எதிலும் ஊற்றிவிடாதீர்கள். செல்லம்பட்டி வாய்க்காலில் ஊற்றினாலும் அது யாரோ ஒருவரின் கண்மாய்க்குத்தான் போய்ச் சேரும்.

பெரியாஸ்பத்திரி அக்கா · செவ்வாய் அதிகாலை

இரவுப் பணி முடிந்து இதைப் படிக்கிறேன். எனக்கு அந்த 19-இல் ஒன்றுதான் கண்ணை உறுத்துகிறது, குவார்ட்டர் பாட்டில்.

எங்களிடம் வருகிற 'தெரியாமல் குடித்துவிட்டார்' கேஸ்களில் பாதிக் கதை அந்தப் பாட்டிலில்தான் ஆரம்பிக்கும். கூல்டிரிங்ஸ் பாட்டில், எண்ணெய் டப்பா, தண்ணீர் கேன், சரக்குப் பாட்டில். வீட்டு ஆட்கள் கொண்டுவரும் பாட்டிலில் லேபிள் இருந்தால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் முடிவுக்கு வருவார். மோனோ, நுவான் மாதிரி என்றால் அட்ரோபின் என்ற மாற்று மருந்து உண்டு. பாராகுவாட் களைக்கொல்லி என்றால் மாற்று மருந்தே கிடையாது. பெயரில்லாத பாட்டில் என்றால் அறிகுறியை வைத்து ஊகிக்க வேண்டும், நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

2013 ஜூலையில் பீகாரில் ஒரு கிராமப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தது நினைவிருக்கிறதா? சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. காலி டப்பா என்று நாம் நினைப்பது காலி இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கைக்கெட்டுகிற தூரத்தில் இது இருப்பதே ஒரு ஆபத்து. கோபத்தில், வருத்தத்தில் அந்த அரை மணி நேரம் கடந்துவிட்டால் பிழைத்துக்கொள்கிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் சில கிராமங்களில் ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், அதில் விவசாயிக்கு ஒரு பூட்டுப் பெட்டி என்று வைத்துப் பார்த்தார்கள். ஆய்வாக 2013-இல் வெளியானது. ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த செய்தி. வீட்டில் யாராவது மனசு சரியில்லாமல் இருந்தால் 104 சுகாதார உதவி எண்ணில் பேசலாம். தெரிந்தோ தெரியாமலோ குடித்துவிட்டால் உடனே 108. உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

பம்புசெட் · செவ்வாய் காலை

அக்கா, இதைப் படித்ததும் அப்பாவிடம் அந்தப் பாட்டிலைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'மேக்காட்டுக்காரர் குடுத்தாரு, மொட்டுப்புழுவுக்கு நல்லாக் கேக்கும்னாரு' என்றார். என்ன மருந்து? 'ஊதாக் கலர் டப்பாவுல இருந்து ஊத்துனாரு.' அவ்வளவுதான் தகவல். மேக்காட்டுக்காரர் இறந்து ஐந்து வருடமாகிறது.

அப்புறம், 'அதெல்லாம் காசு போட்டு வாங்குனதுடா, ஏன் தூக்கிப் போடுறே' என்று வருத்தப்பட்டார். மூடிகளில் அவர் பேனாவால் வாங்கின மாதத்தை எழுதி வைத்திருக்கிறார். தை, மாசி, ஐப்பசி. வருடம் எழுதவில்லை.

மெய்ன் மதுரைக்காரன் · செவ்வாய் காலை

சொந்த ஊர் வாடிப்பட்டி, இருப்பது அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில். கனடா எல்லையை ஒட்டிய குளிர் ஊர், உருளைக்கிழங்கும் புளூபெரியும் விளைகிற பூமி. இங்கே 1982-இலிருந்து மாநிலமே பழைய பூச்சிமருந்தை வாங்கிக்கொள்கிறது. வீட்டுக்காரர்களுக்கும் குடும்ப விவசாயிகளுக்கும் இலவசம். முன்கூட்டியே பெயரும் பட்டியலும் கொடுக்க வேண்டும், குறித்த நாளில் குறித்த இடத்துக்கு வண்டியில் கொண்டுபோக வேண்டும். வண்டியை விட்டு இறங்கக் கூட வேண்டாம், கையுறை போட்டவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் அதை வேறு மாநிலத்தில் இருக்கும் ஆலைக்குக் கொண்டுபோவார்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. 'தடை செய்த மருந்தை ஏன் வைத்திருந்தாய்' என்று யாரும் கேட்பதில்லை. தாத்தா காலத்து டிடிடி எல்லாம் கொட்டகையிலிருந்து வருகிறது. கேள்வி கேட்க ஆரம்பித்தால் மறுவருடம் யாரும் வரமாட்டார்கள், எல்லாம் ஆற்றுக்குத்தான் போகும்.

ஊராட்சி வெட்டி · செவ்வாய் காலை

அமெரிக்காவில் மழை பெய்தால் இங்கே குடை பிடிக்க வேண்டுமா?

கரிசல்காட்டான் · செவ்வாய் காலை

அதானே.

மெய்ன் மதுரைக்காரன் · செவ்வாய் மதியம்

சரிண்ணே, அமெரிக்காவை விடுங்கள், பிரேசிலைப் பாருங்கள். 2000-இல் சட்டம் போட்டார்கள். காலி டப்பாவை மூன்று தடவை கழுவி, ஓட்டை போட்டு, வாங்கின ஒரு வருடத்துக்குள் திரும்பக் கொடுக்க வேண்டியது விவசாயி. எங்கே கொடுப்பது என்று பில்லிலேயே எழுதித் தர வேண்டியது கடைக்காரர். எடுத்துப்போய் அழிக்க வேண்டியது கம்பெனி. வயலில் பயன்படும் பிளாஸ்டிக் டப்பாவில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அங்கே திரும்பி வருகிறது. நம்மைப்போல வெயில் காய்கிற நாடுதான்.

துப்புரவுக் கண்காணிப்பு · செவ்வாய் இரவு

நான் நகர்ப்பக்கம் குப்பை மேலாண்மையில் வேலை பார்த்தவன், இப்போது ஓய்வு. ஊராட்சி வெட்டி அண்ணனுக்கு உள்ளூர்ச் சட்டமே சொல்கிறேன். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில் 'வீட்டு அபாயக் கழிவு' என்று ஒரு வகை இருந்தது. பெயிண்ட் டப்பா, டியூப் லைட், பாட்டரி, காலாவதி மாத்திரை, ஊசி, அதோடு பூச்சிமருந்து டப்பாவும் அந்த வரிசையில் எழுத்திலேயே இருந்தது. நகரத்தில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்று இதை ஒப்படைக்க மையம் வைக்க வேண்டும், அங்கிருந்து அபாயக் கழிவு ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்றும் இருந்தது.

ஊராட்சி வெட்டி · செவ்வாய் இரவு

எத்தனை மையம் பார்த்திருக்கிறீர்கள் சார்?

துப்புரவுக் கண்காணிப்பு · செவ்வாய் இரவு

கேட்பீர்கள் என்று தெரியும். விதியைப் படித்த ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிராமத்துக்கு வந்தால் இன்னும் சிரமம். தூய்மைக் காவலர் அம்மா தள்ளுவண்டியோடு வருவார், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு கூடை. மூன்றாவதாக இது வந்தால் அவர் வெறும் கையால்தான் எடுப்பார். தயவுசெய்து அந்தக் கூடையில் போட்டுவிடாதீர்கள். காயலாங்கடைக்கும் போடாதீர்கள். அங்கே போன கேன் கழுவிய பெயரில் மறுபடி தண்ணீர்க் கேனாக வந்து நிற்கும்.

டேங்கர் டிரைவர் · புதன் காலை

நான் அபாயக் கழிவு வண்டி ஓட்டினவன். தூத்துக்குடி, மதுரை கம்பெனிச் சரக்கு ஏற்றி கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு ஆலைக்குப் போவோம். மதுரையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் ஆகும். ஒவ்வொரு லோடுக்கும் கழிவுச் சீட்டு உண்டு, யார் கொடுத்தது, யார் ஏற்றியது, யார் இறக்கியது என்று பல பிரதி. சில சரக்கு சிமென்ட் ஆலைச் சூளைக்கும் போகும். அங்கே உள்ளே 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கும், அந்தச் சூட்டில்தான் இந்த மாதிரிச் சாமான் முழுசாக உடையும். அடுப்பில் போட்டு எரிக்கலாம் என்று மேலே ஒருவர் கேட்டார் பாருங்கள், அதற்காகச் சொல்கிறேன்.

19 டப்பாவுக்காக அந்த வண்டி வராது. பத்துக் கிலோ எடுக்க ஐந்நூறு கிலோமீட்டர் டீசல் யார் போடுவார்கள்? அதே வண்டி முப்பது கிராமத்துச் சரக்கை ஒரே இடத்தில் ஏற்றினால் கணக்குச் சரியாக வரும். வழி இல்லாமல் இல்லை. தோட்டத்திலிருந்து வண்டி வரைக்கும் உள்ள முதல் பத்துக் கிலோமீட்டருக்குத்தான் வழி இல்லை.

அது வரைக்கும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன் தம்பி. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் செய்யுங்கள், கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்கு மாஸ்க். எதையும் எதோடும் ஊற்றிச் சேர்க்காதீர்கள். 'எல்லாம் ஒரே விஷம்தானே' என்று ஒரே கேனில் ஊற்றினால் சூடேறிக் கொப்பளிக்கும், வாயு வரும். அழிக்கிற இடத்திலும் இது என்ன மருந்து என்று கேட்பான். அந்தந்த டப்பாவிலேயே இருக்கட்டும். ஒழுகுகிறதைக் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். இறுக்கமாக மூடி போடுகிற பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்கி, அடியில் ஒரு சாண் உலர்ந்த மணல் போட்டு, பாட்டிலை நிமிர்த்தி வைத்து இடுக்கிலும் மணல் நிரப்புங்கள். தூளும் குருணையும் தனி வாளி. டிரம் மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதிப் பட்டியலை ஒட்டுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், தீவனம் வைக்கிற இடத்தில் வேண்டாம், பூட்டு கட்டாயம். அப்புறம், இதைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் மட்டும் ஏறிவிடாதீர்கள். ஒருத்தர் ஏறினார். அது தனிக் கதை.

பம்புசெட் · புதன் காலை

குவார்ட்டர் பாட்டிலை என்ன செய்ய? துணி மூடி ஊறிப் போயிருக்கிறது.

டேங்கர் டிரைவர் · புதன் காலை

முகராதீர்கள், வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். அப்படியே ஒரு அகன்ற வாய் பிளாஸ்டிக் ஜாடிக்குள் நிமிர்த்தி வைத்து, சுற்றி மணல் போட்டு, ஜாடியின் மூடியை இறுக்குங்கள். ஜாடி மேல் 'பெயர் தெரியாது, பூச்சிமருந்து' என்று எழுதுங்கள். துணியைத் தொட்ட கையுறையையும் ஒரு பையில் கட்டி அதே டிரம்மில் போடுங்கள்.

மல்லித்தோட்டம் · வியாழன் இரவு

எண்ணிவிட்டேன். படிக்கட்டுக்குக் கீழே 14, ஆட்டுக்கொட்டத்துப் பரணில் 5. இத்தனைக்கும் நான் கணக்காக வாங்குகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து டேங்குக்கு வேண்டியது கால் லிட்டர், கடையில் இருப்பது அரை லிட்டர். மிச்சம் எல்லாம் அப்படிச் சேர்ந்ததுதான். சின்ன அளவில் பாட்டில் போட்டு விற்றாலே பாதிப் பிரச்சினை குறையும், கடைக்காரர் அண்ணன் இதைக் கம்பெனி ஆளிடம் சொல்லுங்கள்.

காலி டப்பாவையும் இனி விடப்போவதில்லை. முடிந்ததும் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, அந்தத் தண்ணீரை அதே டேங்கில் ஊற்றிவிடுகிறேன். மூன்று தடவை. அப்புறம் ஆணியால் அடியில் ஓட்டை. மருந்தும் வீணாகவில்லை, டப்பாவை யாரும் மோருக்கு எடுத்துப் போகவும் முடியாது.

உரக்கடைக்காரன் · வியாழன் இரவு

சொல்கிறேன்மா. நெட்வொர்க் கிடைத்தால்.

பம்புசெட் · அடுத்த ஞாயிறு

நடந்ததைச் சொல்கிறேன். பிரிக்காத மூன்றையும் கடையில் எடுத்துக்கொண்டார்கள், பில் அப்பாவின் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. வேளாண்மை சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், அங்கிருந்தவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்து முழுப் பட்டியலையும் படித்தார். எண்டோசல்பானைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். 'எங்ககிட்ட வாங்குறதுக்கு ஏற்பாடு இல்லையே தம்பி. மாசுக் கட்டுப்பாட்டுக்காரங்ககிட்டப் போனா ஊராட்சியைக் கேளுங்கம்பாங்க, ஊராட்சியில எங்களைக் கேளுங்கம்பாங்க' என்றார். போய்ப் பார்த்தேன், அதே வரிசையில் சொன்னார்கள்.

மிச்சம் 16-ம் டிரைவர் அண்ணன் சொன்னபடி டிரம்மிலும் வாளியிலும் இருக்கிறது. மோட்டார் ரூம் காலி. டிரம் தோட்டத்து மூலையில், பழைய தானிய ரூமில், இரட்டைப் பூட்டு, ஒரு சாவி என்னிடம், ஒன்று குத்தகைக்காரரிடம்.

மல்லித்தோட்டம் அக்காவும் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் தனிச்செய்தியில் பட்டியல் அனுப்பினார்கள். நாலு வீட்டிலேயே 58 டப்பா. மார்ச் 22 கிராம சபையில் தீர்மானம் வைக்கலாம் என்று இருக்கிறோம். தண்ணீர் தினத்துக்குக் கூடுகிற சபை, கிணற்றுப் பக்கத்து விஷத்தைப் பற்றிப் பேசுவதற்குச் சரியான நாள். அந்தத் தீர்மான நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு. கேட்கப்போவது இவ்வளவுதான்: வருடத்துக்கு ஒரு நாள், வட்டாரத்துக்கு ஒரு இடம், வண்டி ஒன்று, கொண்டுவருகிறவரிடம் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்கக் கூடாது.

ஊராட்சி வெட்டி · அடுத்த ஞாயிறு

நாலாவது வரி நல்லா இருக்கு. அதை மேலே போடுங்கள். முதல் பக்கத்துக்குக் கீழே யாரும் படிக்க மாட்டார்கள். மனு நகலில் கையெழுத்துப் போட நானும் வருகிறேன், என் வீட்டில் 7.

கரிசல்காட்டான் · அடுத்த ஞாயிறு இரவு

எல்லாம் சரி. நான் புதைத்த சாக்கை என்ன செய்ய? தோண்டி எடுக்கவா? பக்கத்துக் காட்டுக்காரர் போர் போட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார், இந்த இழையைப் படித்ததிலிருந்து தூக்கம் கெட்டுவிட்டது.

ஒத்தக்கடைப் பழைய மாணவி · திங்கள் காலை

தோண்டாதீர்கள் அண்ணே. டப்பா உடைந்து மண்ணோடு கலந்திருக்கும், தோண்டுகிறவர் கைக்கும் மூச்சுக்கும்தான் முதலில் வரும். இடத்தை மறக்காதபடி அடையாளம் வையுங்கள். அதன் மேல் கீரை, காய் எதுவும் போட வேண்டாம், தண்ணீர் தேங்காதபடி மண்ணை மேடாக்குங்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், முடிந்தவரை தள்ளிப் போர் போடட்டும். மனுவில் இந்த இடத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான் · செவ்வாய் இரவு

சொல்லிவிட்டேன். அவர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். போர் கிழக்குப் பக்கம் போடுவதாகச் சொன்னார். குழி மேல் மண் அணைத்து ஒரு கல்லும் நட்டு வைத்திருக்கிறேன், பெயிண்டில் சிவப்பு அடித்து.

இன்று காலையில் அம்மா அதற்குப் பூ வைத்துவிட்டு வந்து, 'இது எந்தச் சாமிடா' என்று கேட்கிறது.